பிரிபடாத பாகம்

(நம் சங்கத்தின் சென்னைக் கிளை ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



‘நகரில் வீடும் வாழ்வும்’ என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு காரியதரிசியவர்கள் எமக்குக் கட்டளையிட்டார்கள். யாம் சிற்ப நூல் கற்றவரல்லேம், வக்கீலுமல்லேம். நாற்பதாண்டுக் காலம் மண்டியில் வெங்காயம் நிறுத்து விற்றவர். ஆயினும், வீடு இல்லாமையும், வீடு உடைமையும், அவ் வீட்டை அறியாமையால் கைவிட்டமையும் ஆகிய மூன்றனையும் எம் குடும்பத்திலேயே கண்டவராதலின், அந்த உரிமைபற்றி இவ்விடத்து நிற்கத் துணிந்தோம். மேலும், வரும் பொதுக்குழுவில் நம் மாணவர் விடுதியின் நிலம்பற்றி ஒரு தீர்மானம் வரவிருக்கின்றது என்பது உங்களிற் பலர்க்குத் தெரியும். அதனை மனத்தில் வைத்தே பேச வந்துள்ளோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

எம் தந்தையார் 1958-ஆம் ஆண்டு ஊரைவிட்டுச் சென்னைக்கு வந்தார். கொத்தவால் சாவடியில் ஒரு மண்டியிற் கணக்கெழுதும் வேலை. எம் அன்னையாரை அழைத்து வருவதற்கு ஓர் அறையேனும் வேண்டுமே என்று, கடை கட்டிய பின் மாலைதோறும் தெருத்தெருவாய்த் திரிந்தார். போன இடமெல்லாம் வாடகை என்ன தருவாய் என்று கேட்பதன் முன், நீங்கள் எந்த வகுப்பார் என்று கேட்டனர். விடை சொன்னவுடன், ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்பர். அதன் பொருள் என்னவென்று மூன்றாவது தெருவில் அவருக்கு விளங்கிவிட்டதாம். எட்டு மாதம் சாக்குமூட்டைகளின்மேற் படுத்துறங்கினார்.

பின்பு ஒரு பெரியவர் தமது வீட்டின் பின்கட்டில் ஓர் அறையும் சமையலுக்கு ஒரு மூலையும் கொடுத்தார். அவர் நம் குலத்தவரல்லர்; எக்குலத்தவரென்று எம் தந்தையார் எமக்குச் சொன்னதுமில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ‘குழந்தைகள் எத்தனை?’ என்றாராம். இன்னும் இல்லை என்றதும், ‘பிறக்கட்டும், இடம் போதும்’ என்றாராம். ஐந்து குடும்பத்துக்கு ஒரு கிணறும் ஒரு குழாயுமாயிருந்த அந்த ஒண்டுக்குடித்தனத்தில் எம் பெற்றோர் பதினாறாண்டு வாழ்ந்தனர். யாமும் எம் தம்பியும் தங்கையும் பிறந்தது அங்கேதான்.

1974-இல் எம் தந்தையார் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் புரசைவாக்கத்தில் ஒரு பழைய வீட்டைக் கிரயம் வாங்கினார். அகலம் 40 அடி, நீளம் 60 அடி. சென்னைக் கணக்கில் சரியாக ஒரு மனை, அதாவது 2400 சதுர அடி. அந்த வீட்டின் அமைப்பைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். இங்குள்ள இளைஞர் பலர் அத்தகைய வீட்டில் ஓர் இரவேனும் தங்கியிருக்கமாட்டார்கள்.

கிழக்குப் பார்த்த வாசல். வாசலின் இருமருங்கும் திண்ணை. உள்ளே நுழைந்தால் இருண்ட ரேழி. அதனைக் கடந்தால் திடீரென்று வெளிச்சம், அதுதான் முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், அப்பாற் கூடமும் இரண்டு அறைகளும் சமையற்கட்டும், கொல்லையிற் கிணறு, துவைகல், ஒரு முருங்கை மரம். மேல்தளம் மதராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் சொல்லும் வகை. தேக்குக் கட்டைகளை இடைவெளிவிட்டுப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய அச்சுக்கற்களைச் சாய்வாகக் குத்துக்கல்லாய் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தாற் பிணைப்பார்கள். அதன்மேற் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரப்பலகையால் நாட்கணக்காய்த் தட்டி இறுக்குவார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் தெளிப்பதுமுண்டு. பின்னர்த் தட்டோடு பதிப்பார்கள். இக்காலத்துச் சிமெண்டுத் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் நம் தலைமேல் இறக்குகின்றது; தடித்த அந்தச் சுண்ணாம்புத் தளத்தின் கீழே சித்திரை மாதத்திலும் நண்பகலில் உறங்கலாம்.

முற்றம் அழகுக்காக விடப்பட்டதன்று. வெப்பக் காற்று மேலெழும் இயல்புடையது. திறந்த முற்றத்தின் வழியாக அது மேலே போகப் போக, தெருவாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே வந்துகொண்டேயிருக்கும். சென்னையிற் பிற்பகலில் கடற்காற்றுக் கீழ்த்திசையிலிருந்து எழுவதாதலின், கிழக்கு வாசலும் முற்றமும் நேராக இருந்த வீட்டில் மின்விசிறி இல்லாமலே ஒரு தலைமுறை வாழ்ந்தது. முற்றத்தில் விழுந்த மழைநீர் மண்ணிற் சென்று கிணற்றை நிறைத்தது. 2003-ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கியபோது, அக்கம்பக்கத்தார் குழி தோண்டக் குழாய் வாங்க என்று அலைந்தனர்; எம் வீட்டில் ஓலைச்சருகை அகற்றுவதன்றி வேறு வேலை இருக்கவில்லை.

திண்ணையைப்பற்றி என்ன சொல்வது! விடியலிற் கீரைக்காரி கூடையை இறக்கி வைத்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். தபாற்காரர் அங்கேயே அமர்ந்து அடுத்த தெருக் கடிதங்களை அடுக்குவார். மாலையில் எதிர்வீட்டுப் பிள்ளைகள் பாடம் படிப்பார்கள். எம் தந்தையார் கடன் சொல்லி வருவோரிடம் அங்கிருந்தே பேசி அங்கிருந்தே அனுப்புவார். ஊரிலிருந்து சரக்கு ஏற்றிவந்த லாரியின் ஓட்டுநர் முன்னறிவிப்பின்றி இரவில் வந்து படுத்திருப்பார். காலையிற் காப்பி கொடுக்கும்போதுதான் யாரென்று தெரியும். திண்ணை வீட்டுக்குச் சொந்தம், ஆனால் தெருவுக்கும் பாத்தியதை உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில் கோடு எங்கே என்று யாரும் அளந்து பார்த்ததில்லை.

அந்த வீட்டிலும் குறைகள் இருந்தன, அவற்றையும் சொல்லவேண்டும். கழிப்பறை கொல்லைக் கோடியில். மழையில் எம் பாட்டியார் குடை பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறோம். சமையற்கட்டிற் புகைபோக்கி சரியில்லை. எம் அன்னையாரின் கண் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய வீட்டைப் புகழ்ந்து கண்ணீர் விடுவோரிற் பெரும்பாலார் அதிற் சமைத்தவர் அல்லர்.

1996-இல் மொத்த வியாபாரச் சந்தை கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறிற்று. நம்மவர் குடும்பங்கள் பல அதன் பின்னாலேயே அண்ணா நகர் மேற்கு, முகப்பேர், நெற்குன்றம், விருகம்பாக்கம் என்று பெயர்ந்தன. 1968-இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி வீட்டு வசதி வாரியம் எழுப்பிய அண்ணா நகரில், ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்த மனையை வாங்கத் தயங்கியவர்கள், பின்பு அதன் பன்மடங்கு கொடுத்து மூன்றாம் மாடியில் ஒரு பாகம் வாங்கினார்கள். யாம் புரசைவாக்கத்திலேயே இருந்துவிட்டோம். அது எம் புத்திசாலித்தனமன்று. எம் தந்தையாரின் பிடிவாதம்.

அவர் 2004-இல் காலமானார். உயில் எழுதவில்லை. இப்போது எம் குற்றத்துக்கு வருகிறோம்.

2008-இல் ஒரு கட்டுமானக்காரர் வந்தார். இடித்துவிட்டு நான்கு பிளாட் கட்டுவோம், இரண்டு உங்களுக்கு, இரண்டு எங்களுக்கு, கையிலிருந்து ஒரு காசும் போடவேண்டாம் என்றார். எம் தம்பிக்கு ஒன்று, எமக்கு ஒன்று, அன்னையார் எம்முடன் இருப்பார் என்று கணக்கு அழகாய் முடிந்தது. ‘தங்கை கையெழுத்து வேண்டும், விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அது வெறும் சம்பிரதாயம்’ என்றார்கள். விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த எம் தங்கையை வரவழைத்தோம். ரிஜிஸ்தர் ஆபீசில் அவள் ஒரு வரியும் படிக்காமல் ஒப்பமிட்டாள். ஒரு பட்டுப்புடைவையும் ஐந்து சவரனும் கொடுத்துச் சீர் செய்துவிட்டதாக மகிழ்ந்தோம்.

பெண்பிள்ளைகளுக்குச் சொத்துரிமை அண்மையில் வந்தது என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அது பிழை. தந்தை தாமே சம்பாதித்த சொத்தில், உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கின்றது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை என்பது தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது. ஆனால் அதற்குமுன் மணமானவர்களை அச்சட்டம் விலக்கிற்று. 2005-இல் மத்தியச் சட்டமே திருத்தப்பெற்று அவ்விலக்கும் இல்லாமற் போயிற்று. குடியிருக்கும் வீட்டைப் பாகம் பிரிக்குமாறு ஆண்மக்கள் கேட்டாலன்றிப் பெண்மக்கள் கேட்க முடியாது என்றிருந்த பழைய தடையும் அவ்வாண்டிலேயே நீங்கிற்று. ஆகவே 2008-இல் எம் தங்கை அந்த வீட்டின் நாலில் ஒரு பங்குக்கு முழு உரிமையாளர். அவள் கேட்காததை எம் பெருந்தன்மையின் அளவுக்குச் சான்றாகக் கொண்டோம். கேட்டால் என்ன ஆகும் என்று அவள் அஞ்சியதை நினைக்கவேயில்லை.

மறு தீபாவளிக்கு அவளை அழைக்கத் தொலைபேசியிற் பேசியபோது, ‘அண்ணா, ஊருக்கு வந்தால் நான் எந்த வீட்டில் வந்து இறங்குவது?’ என்று கேட்டாள். சினந்து கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். எம் தம்பியின் பிளாட்டா, எமது பிளாட்டா என்பதே அவள் கேள்வி. பழைய வீடாயின் அக்கேள்விக்கு இடமேயில்லை.

எம் அன்னையாரும் மறைந்த பின், கணக்கைத் திரும்பப் பார்த்து, யாமும் எம் தம்பியும் 2021-இல் அவளுக்கு ஈடு செய்தோம். எவ்வளவு என்பது அவையிற் கூறத்தக்கதன்று. பதின்மூன்றாண்டு பிந்திக் கொடுத்தது ஈடாகுமா என்று எம்மைக் கேட்டால், ஆகாது என்போம். இதை இங்கே கூறுவதற்கு அவளிடம் அனுமதி பெற்றே வந்தோம், பின்வரிசையில் அமர்ந்திருக்கிறாள்.

இனி நிலத்தின் கணக்கைச் சொல்வோம். இது நம் தாய்மார்களும் கவனித்துக் கேட்கவேண்டியது. அடுக்கு மாடியில் ஒரு பிளாட் வாங்குகிறோம் என்றால் நாம் வாங்குவது இரண்டு: ஒன்று சுவர்களுக்கு உட்பட்ட இடம், மற்றொன்று அடிநிலத்தில் ஒரு பாகம். அந்தப் பாகத்தைக் கல் நட்டுப் பிரிக்க முடியாதாதலின், பத்திரத்தில் பிரிபடாத பாகம் என்று எழுதுவார்கள். எம் மனை 2400 சதுர அடி. 2008-இல் வழங்கிய விதிப்படி நிலப்பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு கட்டலாம். ஆக 3600 சதுர அடி, நான்கு பிளாட், தலைக்கு 900. பாதியை விட்டுக்கொடுத்ததனால், இரண்டு பிளாட்டுக்கு விலையாக யாம் கொடுத்தது 1200 சதுர அடி நிலம். அந்த 900-மும் படிக்கட்டு, நடை, சுவர்க்கனம் எல்லாம் சேர்த்த கணக்கு. வீட்டுக்குள் நாடா பிடித்து அளந்தபோது 700-க்குச் சற்று மேலே நின்றது. கட்டடம் ஆண்டுதோறும் தேய்கின்றது, நிலம் ஆண்டுதோறும் ஏறுகின்றது. தேய்வதை வாங்கி ஏறுவதைக் கொடுத்தோம் என்பது கையெழுத்திட்ட அன்று தோன்றவில்லை. மண்டியில் ஒரு மூட்டைக்கு அரைக் கிலோக் குறைந்தால் சண்டைக்குப் போகும் யாம், பத்திரத்தின் நான்காம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

2019-இல் வந்த கட்டட விதிகள் அந்த ஒன்றரை மடங்கைப் பொதுவாக இரண்டு மடங்காக உயர்த்தின. அதாவது, யாம் பொறுத்திருந்தால் அதே மண்ணில் 4800 சதுர அடி கட்டியிருக்கலாம். மேலும், 2022-இல் இயற்றப்பெற்ற தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டத்தின்படி, பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாய்க் கட்ட உடைமையாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தாற் போதும். எம் கட்டடத்தில் நால்வர். ஆகவே மூவர் இசைய வேண்டும். எம் தம்பியும் யாமும் இசைந்தாலும் போதாது. அம் மற்றை இருவர் இசைந்தாலும் போதாது. தந்தை வாங்கிய மண்ணில், நாளை என்ன செய்வது என்பதை அவர் முகம் அறியாத ஒருவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

கிணறு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதன்மேலே ஒரு தூண் நிற்கின்றது. மோட்டார் வண்டிகள் நிற்க இடம் வேண்டுமென்று கிணற்றை மண் கொட்டி மூடினார்கள். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம், புழல் என நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டுகிடந்தபோது, லாரித் தண்ணீருக்கு நாட்கணக்காய்க் காத்திருந்தோம். இரண்டு வீடு தள்ளி, இடிக்கப்படாதிருந்த ஒரு பழைய வீட்டின் கிணற்றில் ஊற்று இருந்தது. அவ்வீட்டு அம்மையார் தெருவார் அனைவரையும் வாளியுடன் வரவிட்டார். அவர் திண்ணையில் வரிசைக்குக் காத்திருந்தபோதுதான், ஒரே கட்டடத்தில் பதினோராண்டு வாழ்ந்தும் எம் மேல்மாடியார் பெயர் இன்னதென்று முதன்முதலாக அறிந்துகொண்டோம்.

பிளாட்டே கூடாது என்று கூற யாம் வரவில்லை. 1901-இல் சென்னையின் மக்கட்டொகை ஏறக்குறைய 5 லக்ஷம். 2011-இல் பழைய எல்லைக்குள்ளேயே 46 லக்ஷத்துக்கு மேல். எல்லாரும் முற்றம் வைத்து வீடு கட்டினால் நகரம் திண்டிவனம்வரை போகும். இருக்கும் இடத்தை நிரப்பிக் கட்டியதன் பலனை 2015 டிசம்பர் வெள்ளத்திற் பார்த்தோம். மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்ததே தியாகராய நகர் என்பதையும் அப்போது பலர் நினைவுகூர்ந்தனர். அடுக்கிக் கட்டத்தான் வேண்டும். கட்டும்போது கேட்கத்தக்கவற்றைக் கேட்கவேண்டும் என்பதே எம் வேண்டுகோள். கீழ்த்தளம் முழுவதையும் வண்டிகளுக்கே விடாமல், வாசலருகே பத்தடி நீளம் ஒரு மேடை கட்டச் சொல்லுங்கள், முதியோர் உட்காருவார்கள். கிணறு இருந்தால் தூணை நகர்த்தச் சொல்லுங்கள், அது கணக்கரின் காகிதத்தில் ஒரு கோடுதான். மேற்கு வெயில் விழும் சன்னலுக்கு அகன்ற வெயில் மறைப்பு, குளியலறையிற் படியில்லாத தரை, மொட்டை மாடியில் வடாம் காயப்போட எல்லார்க்கும் உரிமை என்னும் இவை பத்திரத்திலே ஏறவேண்டும். வாயாற் சொன்னது கட்டடம் எழும்பும்போது காற்றிற் போய்விடும்.

2016-ஆம் ஆண்டு வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பின், உட்பரப்பை மட்டும் கணக்கிட்டே விற்கவேண்டும்; வாங்குவோர் கொடுத்த பணத்தில் நூற்றுக்கு எழுபதைத் தனிக் கணக்கில் வைக்கவேண்டும்; கட்டுமானக் குறை ஐந்தாண்டுக்குள் வெளிப்பட்டாற் கட்டியவரே திருத்தித் தரவேண்டும். இவை நல்ல காப்புக்கள். ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாததாகவோ, பிளாட்டுகள் எட்டுக்கு மேற்படாதனவாகவோ இருந்தால் அங்கே பதிவு செய்யவேண்டியதில்லை. ஒரு மனை 223 சதுர மீட்டர்தான். இரண்டு மனை சேர்ந்தாலும் 446. ஆகையால் நம்மவர் வைத்திருக்கும் ஒரு மனை, இரண்டு மனை வீடுகள் பெரும்பாலும் அந்தப் பதிவின் வேலிக்கு வெளியே நிற்கின்றன. அத்தகையவர் வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணத்தை மிச்சம்பிடிக்கலாகாது.

இனி நம் விடுதிக்கு வருவோம். நான்கு மனை, 9600 சதுர அடி. 1961-இல் நம் மண்டிக்காரர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை போட்டு வாங்கிய நிலம். ஒரு நிறுவனத்தார் பாதிக்குப் பாதி என்னும் ஏற்பாட்டில் அதனைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு மடங்குக் கணக்கில் 19200 சதுர அடி எழும்பும். நமக்குப் பாதி வரும். அதனைப் பிளாட்டுகளாக்கி நம் குலத்தார்க்கு மட்டுமே விற்கலாம், வேறெவர்க்கும் மறுவிற்பனை செய்யலாகாது என்று விதி வைக்கலாம் என்பது செயற்குழுவிற் சிலரது யோசனை. அவர்களது நல்லெண்ணத்தில் எமக்கு ஐயமில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் மாறுபடுகிறோம்.

முதலாவது, 4800 சதுர அடி நிலத்தின் பாத்தியதை என்றைக்குமாக வெளியே போகின்றது. நம் பாதியையும் விற்றுவிட்டால், சங்கத்துக்கு எஞ்சுவது பாங்கியில் ஒரு தொகையும், வாசலில் ஒரு கல்வெட்டும். ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளை எங்கே தங்குவான்? கல்வெட்டிலா? நிலத்தை விடாமல், நாமே பகுதி பகுதியாகக் கட்டுவோம். முன்னோர் மூட்டை வருமானத்திற் செய்ததை நாம் நம் வருமானத்திற் செய்ய இயலாதா? கீழ்த்தளத்தில் ஒரு பகுதியைப் பெண்பிள்ளைகட்கென்று ஒதுக்குவோம். இதுகாறும் அவர்களுக்கு ஓர் அறையும் இல்லை. நம் குடும்பத்துப் பெண்கள் வேலைக்கும் படிப்புக்கும் சென்னை வந்து தரகர்களிடம் அலைகின்றனர். எம் தந்தையாரை 1958-இல் கேட்ட அதே கேள்வியை அவர்களிடம் இன்றும் கேட்கின்றனர். தனியாக இருக்கும் பெண்ணா என்று ஒரு கேள்வி கூடுதல்.

இரண்டாவது, நம்மவர்க்கு மட்டும் என்னும் விதி. சட்டம் இடம் கொடுக்கின்றது என்று நம் வழக்கறிஞர் அன்பர் எடுத்துக்காட்டினார். உண்மை, ஆமதாபாத்தில் பார்சிகள் தமக்கென்று அமைத்த கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் அத்தகைய விதி செல்லும் என்று 2005-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. செல்லும் என்பதனால் அது நமக்கு நல்லதாகிவிடாது. சிந்தாதிரிப்பேட்டையை எண்ணிப் பாருங்கள். 1734-இல் கும்பெனியாரின் கவர்னர் பிட் என்பார் நெசவுத் தொழிலாளர்க்கென்றே குடியேற்றிய பேட்டை அது. சின்னத் தறிப் பேட்டை என்பதே பெயர்க் காரணம் என்பர். தறிக்காரர்க்கு என்று தொடங்கியதாயினும் நூற்போரும் சாயமிடுவோரும் வெளுப்போரும் வேண்டியிருந்தது. இன்றைக்கு அங்கே போய்த் தறிச்சத்தம் கேட்குமா என்று பாருங்கள். தெரு நகரத்துடன் மாறிவிடுகின்றது. விதி மட்டும் பத்திரத்திற் கிடந்து பேரப்பிள்ளைகளுக்கு இடையூறாகின்றது. அவசரத்துக்கு விற்க வேண்டிய ஒருவர், வாங்குவோர் ஒரு குலத்தில் மட்டுமே இருக்கவேண்டுமென்றால், என்ன விலைக்கு விற்பார்? கலப்பு மணம் செய்துகொண்ட நம் மகளின் கணவர் அங்கே உறுப்பினராவாரா? இதற்குச் செயற்குழுவில் விடை கிடைக்கவில்லை.

நம் ஆசாரம், நம் சமையல், நம் பிள்ளைகளுக்கு நம் வழக்கம் தெரியவேண்டும் என்று தாய்மார்கள் கருதுவதை யாம் குறைத்துப் பேசவில்லை. அதற்காகத்தான் இந்தச் சங்கமும் இந்தக் கூட்டமும் இன்று இலையிட்டு நாம் உண்ணப்போகும் விருந்தும். அன்றியும், விடுதியில் நம் பிள்ளைகட்கு முதலிடம் தருவதை யாரும் மறுக்கமாட்டார். இடம் மிஞ்சினால், வேறு குலத்துப் பிள்ளை ஒருவன் கதவைத் தட்டினால், என்ன கேட்பது என்பதே வினா. எம் தந்தையாருக்குப் பின்கட்டைத் திறந்துவிட்ட அந்தப் பெரியவர் நம்மைப்போல் ஒரு விதி வைத்திருந்தால், யாம் சாவடிச் சாக்குமூட்டைகளின்மேற் பிறந்திருப்போம், அல்லது பிறந்தேயிருக்கமாட்டோம்.

பொதுக்குழுவுக்கு வருவோர், அந்த நிறுவனத்தார் அனுப்பிய ஒப்பந்த நகலை முன்னதாகவே படித்துவிட்டு வருமாறு வேண்டுகிறோம். முக்கியமாக நில பாகமும் பொது அதிகாரப் பத்திரமும்பற்றிய பக்கங்களை. நமது நிலம் 892 சதுர மீட்டர் ஆதலின் எட்டுக்கு மேற்பட்ட பிளாட் கட்டினால் ஒழுங்குமுறை ஆணையத்திற் பதிவு வேண்டும். அது நகலிற் சொல்லப்படவில்லை என்பதையும் கேளுங்கள். சங்கத்து மகளிர் பிரிவினர்க்கும் அந்தக் கூட்டத்தில் வாக்குரிமை உண்டு. சென்ற முறை பன்னிருவரே வந்திருந்தனர். வீட்டுக்கொருவர் என்னும் வழக்கத்தை விட்டுக் கணவனும் மனைவியுமாய் வாருங்கள். 1961-ஆம் ஆண்டு மகமைக் கணக்குப் புத்தகம் காரியதரிசியவர்களிடம் உள்ளது. எந்தெந்தக் கடையார் எத்தனை மூட்டைக்கு எவ்வளவு கொடுத்தனர் என்று அதில் வரிவரியாக இருக்கின்றது. உங்கள் பாட்டனார் பெயர் எத்தனையாம் பக்கத்தில் என்று பார்க்க விரும்புவோர் சாப்பாட்டுக்குப் பின் கேட்டுப் பெறலாம்.

பந்திக்கு நேரமாகிவிட்டது.